ஒரே குச்சி

"அப்பா கையால கல்லுக்கல்லா அடுக்கிக் கட்டின கணப்பை இடிச்சுட்டு, இந்தக் கரண்டு பொம்மையையா வைக்கப் போறீங்க அண்ணி?"

கடை என்றும் பார்க்காமல் ரித்வா கத்தினாள். டொராண்டோவிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தாள். வரும்போதே கோபத்தோடுதான் வந்தாள்.

அண்ணி கொலீன் சுவர் முழுக்கப் பதித்து வைத்திருந்த நீள நீளமான மின்கணப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் கணப்பு. நாளைக்கு அப்பாவா?"

கொலீன் அடுத்த கணப்புக்கு நகர்ந்தாள்.

விஷயம் கனடாவின் தண்டர் பே என்ற எங்கள் ஊரில், தெருவுக்கே தெரியும். ரித்வாவின் அப்பா, பெரியவர் டௌனோவுக்குக் கொஞ்ச நாளாக நினைவு தப்புகிறது. போன மாதம், எரிகிற கட்டையைக் கணப்பிலிருந்து உருவிக் கம்பளத்தின் மேல் வைத்துவிட்டார். தீயணைப்பு வண்டி வந்தது. நாங்கள் எல்லாரும் பனியில் நின்று பார்த்தோம். 'இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முதியோர் இல்லம்தான், வேற வழியில்ல' என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த மனுஷனால் சாயங்காலம் நெருப்பு மூட்டாமல் இருக்க முடியுமா? எங்கள் ஊர் பின்லாந்துக்காரர்களுக்கு அதில் ஒரு வீம்பு. ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது குச்சியைத் தொட்டால் மானம் போச்சு!

கடைக்காரர் ஒரு கணப்பைக் காட்டினார். "இதுதான் மேடம் இப்போ எல்லாரும் வாங்கறது. டிவிக்குக் கீழே, கண் மட்டத்துல வச்சா பிரமாதமா இருக்கும்."

"வேண்டாம். தரையை ஒட்டி வைக்கணும்" என்றாள் கொலீன்.

"தரையை ஒட்டியா? குனிஞ்சுல்ல பாக்கணும்?"

"பரவாயில்ல. சூட்டை அணைச்சுட்டு, ஜ்வாலையை மட்டும் எரிய விடலாமா?"

"தாராளமா."

ரித்வா தலையில் அடித்துக்கொண்டாள். "சூடே இல்லாத கணப்பு எதுக்கு? வர்றவங்க போறவங்க பார்த்து வாயைப் பிளக்கவா?"

கொலீன் காதில் வாங்கவே இல்லை. "எடுத்த எடுப்புல குபுக்னு எரியக் கூடாது. மெதுவா, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு ஏறணும். கட்டை வெடிக்கிற சத்தமும் வேணும்."

"இருக்கு மேடம்."

"ரிமோட்டை வெளியில எடுக்காம, பைக்குள்ளயே வச்சு அமுக்கினா வேலை செய்யுமா? தள்ளி நின்னு?"

"அடுத்த ரூம்ல இருந்துகூட அமுக்கலாம்."

"அடேங்கப்பா!" என்றாள் ரித்வா. "பையிலேருந்து கையை எடுக்கக்கூட மகாராணிக்கு அலுப்பு! எங்கண்ணன் மார்கஸைச் சொல்லணும். நீங்க கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான்."

திரும்புகிற வழியில் கொலீன் மருந்துக்கடை முன்னால் காரை நிறுத்தினாள். மாமனாருக்கு மாத்திரை வாங்கத்தான் போகிறாள் என்று ரித்வா நினைத்தாள். வாங்கி வந்ததோ சிவப்பு நகப்பூச்சு.

ரித்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கப்பா இருக்கற நிலைமையில உங்களுக்கு அலங்காரம் ஒரு கேடா? அந்தக் கணப்பை மாட்டி, என்ன கூத்து நடக்குதுன்னு பார்த்துட்டுத்தான் நான் ஊருக்குப் போவேன்."

"இரும்மா. உங்கப்பாவும் சந்தோஷப்படுவார்" என்றாள் கொலீன்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். பழைய கணப்பின் கற்களை மட்டும் கொலீன் எறிய விடவில்லை. புதுக்கணப்பின் கண்ணாடிக்கு முன்னால் சின்ன மேடையாகப் பதிக்கச் சொன்னாள். பக்கத்திலேயே பழைய விறகுக் கூடை.

அன்று சாயங்காலம் காப்பியும் ஏலக்காய் மணக்கும் புல்லா ரொட்டியும் மேசைக்கு வந்தன. டௌனோ ஒரு வாய் சாப்பிட்டார். தோளைக் குறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"என்ன குளிர் இது! யாருக்கும் நெருப்பு மூட்டணும்னு தோணலியா?"

ரித்வா பதறிப்போய் எழுந்தாள். "அப்பா, வேண்டாம்..."

கொலீன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தக் கையில், நகத்தில் ஒரு பொட்டுச் சாயம்கூட இல்லை.

டௌனோ புதுக்கணப்பின் முன்னால் மண்டி போட்டார். அதன் ஜ்வாலைக் கண்ணாடி சரியாக அவர் முகத்துக்கு நேராக இருந்தது. தன் கற்களைத் தடவிப் பார்த்தார். கூடையிலிருந்து பிர்ச் கட்டைகளை எடுத்து மேடையில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"அண்ணி! தீப்பெட்டி!"

"உஷ். குச்சியில இருந்த மருந்தை முழுக்கச் சுரண்டிட்டேன். தலையில இருக்கறது அந்த நகப்பூச்சு."

பெரியவர் குச்சியை உரசினார். எரியாத அந்தக் குச்சியைக் காற்றில் அணைந்துவிடாமல் உள்ளங்கையால் பொத்தி, கட்டைகளுக்கு அருகே கொண்டுபோனார். உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார்.

கொலீனின் கை ஏப்ரன் பைக்குள் போனது.

கண்ணாடிக்குள் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு ஜ்வாலை எழுந்தது. பிறகு இன்னொன்று. படபடவென்று கட்டை வெடித்தது. நெருப்பு மெல்ல மெல்ல நீளம் முழுக்க ஓடியது.

"ஒரே குச்சி!" டௌனோ குழந்தை மாதிரி கைதட்டினார். "பார்த்தியா ரித்வா? ஒரே குச்சி!"

ரித்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

பெரியவர் மகள் காதருகே குனிந்தார். ரகசியம் என்று நினைத்து ஊருக்கே கேட்கச் சொன்னார்: "உங்கண்ணி தங்கமான பொண்ணுதான். ஆனா பாவம், இத்தனை வருஷமாகியும் ஒரு நெருப்பு மூட்டத் தெரியாது. நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த வீடே விறைச்சுப் போயிடும்."

"அதனாலதான் மாமா, உங்களை எங்கேயும் அனுப்பறதா இல்ல" என்றாள் கொலீன்.