எஃப்.சி.க்கு மட்டும்

“கழட்டக் கூடாதுங்கிறேன், நீங்க என்னமோ…”

“என் வண்டி, என் பிளேடு! மாட்டுவேன், கழட்டுவேன், பரண்ல தூக்கிப் போடுவேன். நடுவுல நீங்க யாருங்க?”

“பரண்ல போடவா இவரு விக்கிறாரு? மழைக்குத்தானே…”

“மழையே இன்னும் பிடிக்கலையேங்க!”

ஜெகன் போட்ட சத்தத்தில், கடை வாசலில் நின்ற ஆட்டோக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

புரோக்கரிடம் வாங்கிய பழைய வேனைக் கீழ்வேளூரில் ஸ்கூல் வண்டியாக ஓட்டுகிறவன் அவன். நாளைக் காலையில் வண்டிக்கு எஃப்.சி. வருஷத்துக்கு ஒருமுறை ஆபீசர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டால்தான் பிழைப்பு. அதற்காக வைப்பர் பிளேடு வாங்கக் கும்பகோணம் வந்திருந்தான். எஃப்.சி. முடிந்ததும் புதியதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதை மாட்டிக்கொண்டால், புதுசு வெயிலில் காயாமல் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். அவனுக்குத் தெரிந்த டிரைவர்களில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். அதைக் கடைக்காரர் வைரக்கண்ணுவிடம் சிரித்துக்கொண்டே சொல்லி வாய் மூடவில்லை, வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் ஏறிய இந்தப் பெண் பிடித்துக்கொண்டாள்.

நாற்பது வயது இருக்கும். கையில் காய்கறிப் பை. முன்பின் பார்த்த முகமில்லை.

“உங்களுக்கென்னம்மா வேணும்?” என்று வைரக்கண்ணு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரோ அவள் பக்கமே திரும்பாமல் மேசைமேல் மூன்று ஜோடியை எடுத்து வைத்தார்.

“இது ஃபிரேம். கம்பிக் கூடு, நாலஞ்சு மூட்டு. இது பிளாட். வெளிக்கம்பியே கிடையாது, முழு நீளத்துக்கும் கண்ணாடியில ஒரே மாதிரி அழுந்தும். இது ஹைபிரிட். உள்ள ஃபிரேம்தான், மேல மட்டும் மூடி.”

“உள்ள பழசு, வெளியில பகட்டு. எங்க மச்சான் மாதிரி” என்றான் ஜெகன். வைரக்கண்ணு சிரிக்கவில்லை. “ஒரு நாள் வேலைக்கு ஃபிரேமே போதும்ணே. அதையே போடுங்க.”

“பிளாட்டைக் கொடுங்க” என்றாள் அவள், கடைக்காரரிடம். “காசு நான் தர்றேன்.”

“அக்கா, நான் என்ன கையேந்தியா நிக்கிறேன்?”

“கோவப்படாதீங்க தம்பி. இப்ப வண்டியில என்ன மாட்டியிருக்கு?”

“பழைய ஃபிரேம்.”

“நல்லாத் துடைக்குதா?”

“துடைக்கும். மூட்டு துருப்பிடிச்சுருக்கு, அறுப்புக் காலத்துப் பதரு வேற உள்ள போய் அடைச்சுக்கிச்சு. நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு விட்டுடும். கொஞ்சம் தலையைச் சாய்ச்சுப் பார்த்துக்குவேன்.”

அவள் இரண்டு விரலை நீட்டித் தன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“எத்தனை பிள்ளைங்க வண்டியில?”

“பதினாலு.”

“அதுல சின்னது?”

“எல்.கே.ஜி. ஒண்ணு இருக்கு. இளம்பரிதின்னு பேரு. வால் இல்லாத குறைதான்! கதவைத் திறந்தா நிக்காது, குதிச்சு ஒரே ஓட்டம்.”

“எந்தப் பக்கம் ஓடும்?”

ஜெகன் வாயைத் திறந்தான். இளம்பரிதியின் வீடு வாய்க்காலுக்கு அந்தக் கரையில். மதகைத் தாண்டிப் போகவேண்டும்.

“முன்னாடி… வண்டிக்கு முன்னாடி சுத்தித்தான்” என்றான். குரல் இறங்கிவிட்டது.

“உயரம் எவ்வளவு இருக்கும்?”

அவன் கையைத் தன் இடுப்புக்குக் கீழே காட்டினான். காட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வைரக்கண்ணு பிளாட் ஜோடியை எடுத்து உறையைப் பிரித்தார். யார் சொல்லி எடுத்தார் என்று அவன் கேட்கவில்லை.

“போன ஐப்பசியில, திருவிடைமருதூர்ப் பக்கம்” என்றாள் அவள். “நல்ல மழை. மோகனப்பிரியான்னு ஒரு பொண்ணு. யூ.கே.ஜி. இறங்கினவ குடையை விரிச்சுக்கிட்டு முன்னாடி சுத்தி வந்தா. இறங்கிப் போயிடுச்சுன்னு வண்டியை எடுத்துட்டாங்க.”

தெருவில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. வந்த நேரத்திலிருந்து இந்த அம்மாளை எத்தனை சொல்லிவிட்டோம் என்று ஜெகனுக்கு வாயெல்லாம் கசந்தது. பெற்ற வயிறு, தாங்க முடியாமல்தான் கண்ட கடையிலும் ஏறி நின்று சண்டை பிடிக்கிறது.

“மன்னிச்சுக்குங்க அக்கா” என்றான். “உங்க பொண்ணுன்னு தெரியாமப் பேசிட்டேன்.”

அவள் தலையை அசைத்தாள். இல்லை என்று.

“எனக்குப் பிள்ளை கிடையாது தம்பி. நீங்க புரோக்கர்கிட்ட வாங்கினீங்களே, இந்த வண்டி அப்ப எங்களோடது. ஓட்டினது எங்க வீட்டுக்காரரு. அந்த மழைக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் எஃப்.சி. முடிஞ்சிச்சு. மழைக்காலம், புதுசு இருக்கட்டும்னு அவரு சொன்னாரு. கேக்காமக் கழட்டிட்டுப் பழசை மாட்டினது இந்தக் கைதான்.”