இரண்டு மணிச் சங்கு

இரண்டு மணிச் சங்கு ஊதியது. தீப்பெட்டி கம்பெனி கேட்டில் தினசரிக் கூத்தும் ஆரம்பமானது.

காலை ஷிப்டு முடிந்து ஃப்ளோரா வெளியே வந்தாள். மாலை ஷிப்டுக்கு அவள் புருஷன் பாஸ்கல் உள்ளே போனான். நடுவில் ஆறு வயது பிலோமி அப்பன் கையிலிருந்து அம்மா கைக்கு மாறினாள்.

“சோறு துன்னுட்டா. வாய்ப்பாடு ஒப்பிக்கல.”

“நான் பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான் பேச்சு.

டைம்கீப்பர் ஹென்றிக்கு மனசு பொறுக்கவில்லை. மாதா கோயிலில் கைப்பிடித்தவர்கள், மூன்று வருஷமாகத் தனித்தனி வீடு. பெற்ற பிள்ளையைப் பார்சல் மாதிரி கேட்டில் கை மாற்றுகிறார்கள். இதெல்லாம் ஒரு குடும்பமா?

இத்தனைக்கும் இருவரும் ஒரு நாள்கூட லேட்டாக வந்ததில்லை. அது எப்படி என்று அவர் யோசித்ததுமில்லை.

புண்ணியமாகப் போகட்டும் என்று, அடுத்த வாரப் பட்டியலில் இருவரையும் காலை ஷிப்டிலேயே போட்டுவிட்டார். சேர்ந்து வந்து சேர்ந்து போனால் தானாக ஒட்டிக்கொள்வார்கள்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள், அவர் ரூமுக்கு. ஹென்றிக்கு ஒரே பூரிப்பு.

“இன்னா சார் இது?” என்றாள் ஃப்ளோரா. “ஒரே ஷிப்டுன்னா புள்ளய யார் பாத்துப்பா?”

“ஒண்ணா இருங்கன்னுதாம்மா போட்டேன்.”

“ஒண்ணா இருந்தா சண்டதான் சார்,” என்றான் பாஸ்கல். “காலைல நான் புள்ளய வாங்கிக்க லேட்டானா இவளுக்கு வேலை போவும். ரெண்டு மணிக்கு இவ லேட்டானா எனக்குப் போவும். அதான் ஓடியாறோம். புள்ளயும் ஒரு வேள தனியா இருந்ததில்ல.”

“என்ன இருந்தாலும் அது குடும்பமாகாதுப்பா. என் பொண்ணு ஆலிஸைப் பாரு, அப்பா அம்மா ஒரே வீட்டுல. அதான் குடும்பம்.”

ஃப்ளோரா லேசாகச் சிரித்தாள். “ஆலிஸுக்குப் பல்லு வுழுந்துதே, எந்தப் பல்லு சார்?”

“பல்லா? எப்போ?”

பாஸ்கல் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“முன்பல்லு சார். பள்ளிக்கூடத்துலேந்து பிலோமிய இட்டாரப் போனப்போ ஆலிஸு காட்டிச்சு. அப்பாதான் ஓட்டு மேல போடணுமாம். நீங்க ஓவர்டைம் முடிச்சு வர்றதுக்குள்ள தூங்கிப்பூடுதாம். நாலு நாளா பொட்டணம் கட்டி வச்சிகினு கீது. இன்னிக்காவது அஞ்சு மணிச் சங்குக்கே கெளம்புங்க சார்.”