வாசலில் பை சோதனை

"பையைக் காட்டிட்டுப் போங்க."

கேம்ப் பார்க் வாசலில் காவல்காரர் மலையாண்டி இதைச் சொல்லாத நாள் இல்லை.

யுத்த காலத்தில் பட்டாளம் முகாம் போட்டிருந்த பொட்டல் அது. அறுபத்தைந்தில் பஞ்சாயத்து அதைப் பூங்காவாக்கியது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் காரைக்குடி டவுன் பஸ் அங்கேதான் காலியாகும்.

உள்ளே வருகிறவர்களை மலையாண்டி ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். வெளியே போகிறவர்களை மட்டும் லேசில் விடமாட்டார். கூடை, பை, டிபன் கேரியர் எல்லாம் திறந்தாக வேண்டும்.

"பட்டாளம் போயி இருபத்தஞ்சு வருசமாச்சு. இவரு மட்டும் இன்னும் டூட்டியில இருக்காரு" என்று ஜனங்கள் சலித்துக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் வரிசையில் முதலில் நின்றவள் நாகவல்லி. அவள் கூடையில், துண்டுக்கு அடியில், கூடை கொள்ளாத கனகாம்பரம். எல்லாம் பார்க் பூதான். மலையாண்டி பார்த்தார்.

"ம், போங்க" என்றார்.

அடுத்து ஒரு புருஷன் பெண்டாட்டி. கூடவே ஐந்து வயதுப் பையன். அவன் முதுகில் இடுப்பு வரை பின்னல் தொங்கியது. புருஷன் கையில் மஞ்சள் பை.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் மண்ணு."

மலையாண்டியின் கை அப்படியே நின்றது. "எங்க எடுத்தீக?"

"பவுண்டன் பக்கத்துல, பூப்பாத்தியில."

"கொட்டுங்க."

"ஐயா, ஒரு பிடிதான்..."

"கொட்டுங்கங்கிறேன்!"

பின்னால் டிரான்சிஸ்டரும் பையுமாக நின்ற சோமுவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னய்யா அநியாயம்! கூடை நிறையப் பூவைக் கொண்டு போறவுகளை விட்டுட்டீரு. ஒரு பிடி மண்ணுக்கு இந்த மனுசனை மறிக்கிறீரு!"

நாகவல்லி நடையை எட்டிப் போட்டாள்.

அந்தப் பெண்டாட்டி மீனாள் முன்னால் வந்தாள். "இது என்ன ஒங்க வீட்டு மண்ணா? எங்க மண்ணுங்க! இவுக பெறந்த ஊரே இதுதான்."

புருஷன் வீரையா அவளை அமர்த்திவிட்டுச் சொன்னான்.

"யுத்தத்துல ஏழு நாள் கெடு குடுத்து ஊரையே கெளப்பிட்டாக. எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. அவசரத்துல சட்டி பானையை எடுத்தோம். எங்க கருப்பரு கோயில்ல ஒரு பிடி மண்ணு எடுக்க விட்டுப்போச்சு. திரும்பி வந்து பார்த்தா சுத்தி முள்கம்பி. பட்டாளம் போன பெறகும் எங்க அய்யா வெறுத்துப்போயி இந்தப் பக்கமே வரலை. இப்ப கீழச்சிவல்பட்டிப் பக்கம் இருக்கோம். இந்தப் பிடிமண்ணை வச்சாத்தான் அங்க சாமிக்குக் கோயிலு. கோயிலு இருந்தாத்தான் இவனுக்கு முடி எடுக்கலாம்."

"பழனிக்குப் போயி எடுக்க வேண்டியதுதானே?" என்றார் சோமு.

"மொத முடி குலசாமிக்குத்தாங்க" என்றாள் மீனாள். "வர்ற ஜூன்ல இவன் பள்ளிக்கூடம் போகணும். தெருப் பிள்ளைக சடையைப் பிடிச்சு இழுத்து, பாப்பா பாப்பான்னு கேலி பண்ணுதுக. தெனமும் அழுதுக்கிட்டே வாரான்."

பையன் பின்னலை மெதுவாகச் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

"கோயிலு இருந்த எடம் எனக்குச் சரியாத் தெரியாது" என்றான் வீரையா. "போன மாசியில எங்க அய்யா கண்ணை மூடுறப்பத்தான் அடையாளம் சொன்னாரு. கிணத்துல இருந்து கிழக்கே நாப்பது தப்படி. அந்த ஊர்க் கிணறு இன்னும் இங்க இருக்கு. அளந்து பார்த்தேன். பவுண்டன்ல வந்து நிக்குது."

மலையாண்டி எல்லாவற்றையும் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது. ஆனால் வார்த்தை மாறவில்லை.

"கொட்டுங்க."

வீரையா பையைக் கவிழ்த்தான். மீனாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?" சோமு கத்தியே விட்டார்.

மலையாண்டி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அது கருப்பரு மண்ணு இல்லைங்க. பூச்செடிக்குன்னு கண்மாயில இருந்து லாரியில வந்த வண்டல். அங்குட்டு வாங்க."

மோட்டார் ரூமுக்கு அழைத்துப் போனார். சோமுவும் விடாமல் பின்னாலேயே போனார்.

உள்ளே மாடத்தில் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில், வாயில் மஞ்சள் துணி கட்டிய மண் கலயம். அதன்மேல் துருவேறிய சின்ன அரிவாள். மலையாண்டி அதை எடுத்தபோது பிடியில் இருந்த வெண்கல மணி கிணுங்கியது.

வீரையா அதை வாங்கித் தடவிப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. "எங்க அய்யா கட்டுன மணி..."

"அந்தப் பவுண்டனுக்குக் குழி வெட்டுன கூலியாளு நான்தான்" என்றார் மலையாண்டி. "பட்டாளத்தான் பள்ளத்தை நிரவுனப்பப் பொதைஞ்சிருக்கும்போல. நாலடி ஆழத்துல கெடந்துச்சு. தூக்கி வெளிய போடச் சொன்னாக. எனக்கு மனசு வரலை. அருவாளோட, அது கெடந்த மண்ணையும் அள்ளி வச்சேன். இந்தாங்க, ஒங்க பிடிமண்ணு."

வீரையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கலயத்தை வாங்கினான். மீனாள் அவர் காலில் விழப்போனாள். அவர் பதறி விலகினார்.

"அப்ப எனக்கு முடி எடுத்துருவாகளா?" என்றான் பையன்.

"மொட்டையே போட்டுருவாக, போடா!" மலையாண்டி சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று சிரித்தார்.

திரும்ப வாசலுக்கு வந்தார்கள். சோமு வழக்கம்போலத் தன் பையைத் திறந்து நீட்டினார்.

"மூடுங்க. இனிமே யாரு பையையும் பார்க்க வேண்டியதில்லை."

"ஏன்? பூத் திருட்டு?"

"பூவை எவுக கொண்டு போனா என்னங்க, நாளைக்கு வேற பூக்கும். சாமியை விட்டுட்டுப் போனவுக என்னைக்காவது பிடிமண்ணுக்கு வருவாகன்னு தெரியும். எந்த ஊரு, என்ன பேருன்னு யாருக்குத் தெரியும்? அவுகளைத்தான் ஆறு வருசமா இந்தப் பைகளுக்குள்ள தேடிக்கிட்டு இருந்தேன்."