செவலையின் ஈரல் புழு

அக்கா மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன்தான் கிடா கொண்டுவர வேண்டும். ஆனால் இசக்கிராஜாவுக்குத் தன் செவலைக் கிடாவை வெட்டக் கொடுக்க மனமில்லை. குட்டைக்குக் குட்டை புதுப்புது ஈரல் புழு இனம் அகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது; அரிய புழு இருக்கும் ஆட்டை வெட்டச் சட்டம் விடாது. ஆகவே யாரும் போகாத கல்குவாரிக் குட்டைக் கரையிலேயே மழைக்காலம் முழுக்க அதை மேய்த்தான்.

நினைத்தபடியே நடந்தது. விருந்தன்று கிடாவைச் சோதிக்க வந்த கால்நடை அதிகாரி தவமணி, புழுக்கையில் மரபணுக் கருவியை வைத்ததும் அது கீச்சிட்டது.

"பார்க்க எல்லா ஆட்டு ஈரல்லயும் இருக்கிற தட்டைப்புழு மாதிரியேதான் இருக்கும். ஆனா இது தனி இனம். குட்டைக் கரைப் பச்சையில ஒட்டிக்கிட்டு உள்ள போயிருக்கு. உலகத்துலயே இந்த ஒரு ஆட்டுக்குள்ளதான் இருக்கு. வெட்டக் கூடாது, பூச்சி மருந்தும் குடுக்கக் கூடாது."

"அப்போ பந்தியில சாம்பாராடா ஊத்த?" என்று அக்கா தம்பியை முறைத்தாள்.

இசக்கிராஜா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். உள்ளே பொங்கிய சிரிப்பை அடக்க, சட்டைப்பையிலிருந்து வல்லாரைக் கீரையை எடுத்து மென்றான்.

தவமணி உற்றுப் பார்த்தாள். "இது எங்க பறிச்சது அண்ணாச்சி?"

"அந்தக் குட்டைக் கரையிலதான். பச்சையாவே தின்னா மூளைக்கு நல்லதுல்லா."

அவள் அவன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். கருவி மறுபடியும் கீச்சிட்டது.

"ரெண்டு இருப்பிடம்னு திருத்திக்கிறேன்" என்றவள், பையிலிருந்து, வெட்டக் கூடாத ஆடுகளின் காதில் குத்தும் மஞ்சள் அடையாள வில்லைகள் இரண்டை எடுத்தாள்.

காது குத்த வந்திருந்த ஆசாரி ஊசியைத் துடைத்தார். மருமகள் மாமன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அழக் கூடாது மாமா. முதல்ல உங்களுக்கு, அப்புறம் எனக்கு."