நெற்று சொன்ன பெயர்

மரம் இருந்த இடத்தில் வெயில் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பூங்காப் பிரிவு மேற்பார்வையாளர் கையில் கோப்பு. அதில் மரத்தின் பெயருக்கான கட்டம் மட்டும் காலி. போன வாரம் வந்த புகைப்படத்தில் இலை ஒன்றுகூடத் தெரியாததால், நேரில் வந்து பார்க்காமலே ‘பட்ட மரம், வெட்டலாம்’ என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இப்போது குனிந்து, மரத்தூளுக்குள் கிடக்கும் நெற்று ஒன்றை எடுக்கிறார். ஒரு சாண் நீளத்தில், வைக்கோல் நிறத்தில், காகிதம்போலத் தட்டையாக இருக்கிறது. உள்ளே விதைகள் வரிசையாகப் புடைத்துத் தெரிகின்றன. ஆட்டினால் கலகலக்கிறது. சந்தேகமே இல்லை, வாகை. கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு நெற்றை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற மரம். அடிமரத்தின் வெட்டு இன்னும் ஈரமாகப் பிசுபிசுக்கிறது.

மதிலோரம் பஞ்சர் ஒட்டுகிற அம்மாள், தலையில் நனைத்த துண்டோடு, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கிறாள்.

“வருசா வருசம் இப்படித்தான் சார் மொட்டையா நிக்கும். ஒரு மழை விழுந்தா போதும், குப்புனு துளிர்த்துடும்.”

“வெட்ட வந்தவங்ககிட்ட சொல்லலையாம்மா?”

“சொல்லாம இருப்பேனா? ஆபீசரே பட்டுப்போச்சுன்னு எழுதிட்டாராம். பேப்பரைக் காட்டி என் வாயை அடைச்சுட்டாங்க. யாரு சார் அந்தப் புண்ணியவான்?”

அவர் கோப்பைத் தொடைமேல் வைத்து, காலிக் கட்டத்தில் ‘வாகை’ என்று எழுதுகிறார். பக்கத்துக் கட்டத்தில், மரத்தின் நிலை என்ற இடத்தில், ‘பட்டது’ என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. இனி அதைத் திருத்த வேண்டியதில்லை.