கீழே இருக்கும் எண்கள்

அந்தக் கணினி ப்ராசஸர் கடைக்கு வராதது. சோதனைக்காக மட்டும் செய்த மாதிரி. மற்றவற்றில் பூட்டி வைத்திருக்கும் பெருக்கெண்ணை இதில் இஷ்டம்போல் மாற்றலாம். எண் ஏறினால் வேகமும் ஏறும். நண்பனிடம் இரவல் வாங்கியதை அன்று சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஐம்பத்திரண்டைத் தொட்டுவிட வேண்டும் என்று ஆரோக்கியராஜ் ஒரு வாரமாகத் தவம் கிடந்தான். ஐம்பத்தொன்றில் கணினி ஓடியது. அடுத்த எண்ணில் திரை கறுத்துவிட்டது. மறுபடி தொடங்கினான். அதன் சூட்டைத் தணிக்கும் விசிறிகள் வீட்டையே தூக்கிக்கொண்டு போவதுபோல் இரைந்தன.

“சாப்பிட வாங்கன்னு ஆறு தடவை கூப்பிட்டாச்சு,” என்று மனைவி செலின் காதருகே வந்து கத்தினாள். “இது மேல மட்டுந்தான் போகுமா? கீழ இறங்காதா?”

“இறங்கும். எந்தக் கிறுக்கன் இறக்குவான்?”

“கிறுக்கி இறக்குவா. நகருங்க.”

அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவள் எண்ணைக் குறைத்தாள். இருபதில் விசிறிகள் தணிந்தன. பத்தில் நின்றேவிட்டன. குழாய் சொட்டுவது கேட்டது. எட்டில், சன்ஷேடின் மேல் ஒரு காக்கை நடப்பது கேட்டது. நான்கில், வெகு அருகில், வாய் திறக்காமல் யாரோ பாடுவது கேட்டது.

“நீயா பாடுற? எப்போலேர்ந்து?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

ஆரோக்கியராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மெதுவாக நாற்காலியில் பாதியை அவளுக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

“இன்னும் ஒண்ணு இறக்கு,” என்றான்.

செலின் மூன்றை அழுத்தினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள்.