கறுப்பாத் தெரியணும்

“பதினாலு குறையுது. நானே எண்ணிப் பார்த்துட்டேன். எங்கே போச்சு?”

மாமியார் கேட்டது மருமகளைத்தான். ஆனால் ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருந்த ஏழெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அதைத்தானே அத்தை காலையில நான் உங்ககிட்ட கேட்டேன்?”

“என்னைக் கேட்டா? பிள்ளைத்தாச்சி நீயா நானா? குமட்டுதுன்னு ஜன்னல் வழியாத் தூக்கி எறிஞ்சிருப்பே. இல்லேன்னா உங்க அக்காவுக்குப் போயிருக்கும். அவளும்தானே முழுகாம இருக்கா.”

மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். நாளுக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை. ஈரக்கையால் தொட்டால் போதும், மேல்பூச்சு கரைந்து விரலெல்லாம் சிவப்பாகிவிடும். ஒரு நாள்கூட அவள் தவறவிட்டதில்லை.

டப்பா இருப்பது சமையலறை அலமாரியில். அங்கே அத்தையைத் தவிர வேறு யார் கை போகும்? இவளே எடுத்து ஒளித்துவிட்டு, நாலு பேர் முன்னால் என்னைக் கள்ளியாக்கப் பார்க்கிறாள். எதற்கு? அதுதான் புரியவில்லை.

“விடுங்களேன், இங்கே வந்துமா?” என்றார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மாமா.

“நீங்க இதைக் குடிங்க.” மாமியார் பிளாஸ்க் மூடியில் மாதுளை ஜூஸை ஊற்றி நீட்டினாள். “சாப்பாடுதான் கூடாதுன்னாங்க. ஜூஸ் குடிக்கலாம்.”

ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். “என்னடி இது, நாளுக்கு நாள் துவர்ப்பு ஏறுது?”

“மாதுளைன்னா துவர்க்காம?”

உள்ளேயிருந்து மாமாவைக் கூப்பிட்டார்கள்.

ஈரல் சுருங்கும் வியாதி அவருக்கு. அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றுக்குத் துளி இரும்பு ஊட்டி, ஊசி வழியாக ஈரலுக்குள் அனுப்பியிருந்தார்கள். அந்த இரும்பு படத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். செல்கள் ஈரலில் தங்கினவா, எங்கேயாவது ஓடிப்போயினவா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

போன மாதம் புள்ளிகள் சொற்பம். இந்த மாதமும் அப்படியே என்றால் இரண்டாவது ஊசி கிடையாது. அதை விட்டால் அவருக்கு வேறு வழியும் கிடையாது.

இதையெல்லாம் படம் காட்டி விளக்கியவர் ஸ்கேன் எடுப்பவர். மாமியார் அவருக்கு வைத்த பெயர் ‘படக்காரத் தம்பி’. அன்றைக்கு அவரிடம் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: “கறுப்பாத் தெரியணும், அவ்வளவுதானே தம்பி?”

முக்கால் மணி நேரத்தில் படக்காரத் தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை.

“இவருக்கு யாராவது இரும்பு மாத்திரை குடுத்தீங்களா?”

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வயிறு, குடல் பூரா தார் ஊத்தின மாதிரி கறுப்பு. அந்த நிழல் ஈரல் மேலயும் விழுந்திருக்கு. புள்ளி இருக்கா இல்லையான்னே சொல்ல முடியல. வேணும்னே படத்தைக் கெடுத்திருக்காங்கன்னு டாக்டர் நினைச்சா சிகிச்சையிலிருந்தே எடுத்துடுவாரு.”

“இரும்பு மாத்திரையா? அந்தப் பொண்ணோடதுதான் பதினாலு காணோமாம்,” என்று எடுத்துக் கொடுத்தாள் எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மாள்.

எல்லாக் கண்களும் மருமகள் மேல் திரும்பின. இப்போது அத்தை ஆரம்பிப்பாள் என்று அவள் காத்திருந்தாள். அத்தையோ பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நான்தான்,” என்றார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்த மாமா. “மருமக மாத்திரையை எடுத்து முழுங்கினது நான்தான். கறுப்பாத் தெரியணும்னீங்களே தம்பி.”

படக்காரத் தம்பி சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “ஐயா, செல்லுக்கு ஆய்வகத்துலயே இரும்பை ஊட்டி அனுப்பினாத்தான் உண்டு. வாயில போட்டா வயித்துலதான் நிக்கும். சரி, இது டாக்டர் காதுக்குப் போக வேண்டாம். பத்து நாள் கழிச்சு வாங்க, மறுபடி எடுத்துடலாம். அப்பவும் இதே கதைன்னா நான் எழுதித்தான் ஆகணும்.”

“புத்தி இருக்கா உங்களுக்கு?” மாமியார் திடீரென்று குரலை உயர்த்தினாள். “வாயும் வயிறுமா இருக்கிறவளோட மாத்திரையைப் போய்…”

“இருந்திருந்தா உன்னை எதுக்குக் கட்டிக்கிறேன்?” என்றார் மாமா.

எதிர் வரிசை சிரித்தது. மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துகொண்டு இவரா? காலையிலிருந்து அத்தையைப் பற்றி நினைத்ததெல்லாம் நெஞ்சில் உறுத்தியது.

“தொண்டை வறண்டுபோச்சு, கொஞ்சம் தண்ணி,” என்றார் மாமா.

மாமியாரின் கை பழக்கத்தில் பிளாஸ்கை எடுத்தது. மூடியைத் திருகப் போய், அப்படியே நின்றது.

மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள்.

“குடுங்க அத்தை. அதுல ஜூஸ்தானே இருக்கு? நான் தண்ணி பிடிச்சுட்டு வரேன்.”

பிடியை விட மாமியாருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கை கழுவும் தொட்டியில் மருமகள் மிச்ச ஜூஸைக் கவிழ்த்தாள். ஜூஸ் போன பிறகும் அடியில் சேறு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலை விட்டு வழித்தாள். நுனி விரல் சிவந்தது. மாதுளையின் சிவப்பில்லை; தினமும் மாத்திரையைத் தொடும்போது அவள் பார்க்கிற அதே சிவப்பு.

குழாயைத் திறந்து விரலைக் கழுவினாள். பிளாஸ்கை இரண்டு தடவை, மூன்று தடவை அலசினாள். சுத்தமான தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தாள்.